பாதி பாலக்கோட்டில், மீதி கம்பைநல்லூரில்

அரிதான வண்டி என்றால் என்ன மேடம் என்று, மதிப்பீட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். விபத்து வண்டி, வங்கி பிடித்த வண்டி, வெள்ளத்தில் நின்ற வண்டி எல்லாவற்றுக்கும் மதிப்புப் போடப் பழகிவிட்டாராம். ஒருவர் பழைய ஜீப் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, "இந்த மாடல் நாட்டுலயே கொஞ்சம்தான் இருக்கு" என்றதும் கை ஓடவில்லையாம். கை ஓடாதது நல்ல அறிகுறிதான். அந்த இடத்தில் கை வேகமாக ஓடிய சிலர் பிறகு கோர்ட்டுக்கு ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

நான் தருமபுரியில் வாகன மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வண்டிக்கு அடியில் படுத்து எழுந்தே பாதி வாழ்க்கை போனது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குக்கூட நகத்தில் கிரீஸோடு போயிருக்கிறேன். அளவெடுப்பது, படம் எடுப்பது, தேய்மானம் கழிப்பது இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதனால் அதை விட்டுவிட்டு நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது.

ஓசூரில் ஒரு பல் டாக்டர் இருந்தார். காடுமேடு ஏறும் வண்டிகள் என்றால் அவருக்கு உயிர். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். அவை காட்டையும் பார்த்ததில்லை, மேட்டையும் பார்த்ததில்லை. தினமும் துடைக்கப்பட்டு நிழலில் நின்றன. ஒரு நாள் பாலக்கோடு தக்காளி மண்டி வழியாகப் போனவர், பெட்டி பெட்டியாகத் தக்காளி ஏற்றிய ஒரு பச்சை ஜீப்பைப் பார்த்துக் காரை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டார். பின்னால் வந்த பஸ்காரர் என்ன திட்டினார் என்பதுகூட அவருக்குக் காதில் விழவில்லையாம். மறுநாள் காலை என் ஆபீசில் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், அது எக்ஸ்போர்ட் மாடல். சத்தியமா அதேதான். நீங்க பாத்து ஒரு சர்ட்டிபிகேட் குடுத்தா வாங்கிடுவேன்."

அந்த மாடலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு ஆர்டருக்காக ஒரு கம்பெனி செய்த வண்டி அது. சாதாரண ஜீப்பின் அதே உடம்புதான். ஆனால் படுதாவுக்குப் பதில் ஃபைபர் கூரை. உட்கார்ந்தால் முதுகைத் தாங்குகிற முன் சீட்டுகள். ஒரு சக்கரம் மணலில் சும்மா சுழன்றாலும் மறு சக்கரம் இழுத்துவிடுகிற கனமான பின் ஆக்ஸில். டேஷ்போர்டில், வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று காட்டுகிற ஒரு முள் மீட்டர். ஆர்டர் பாதியில் நின்றுபோனது. செய்து முடித்ததை உள்ளூர் ஷோரூம்களுக்குத் தள்ளினார்கள். வாங்க ஆளில்லை. விலை ஜாஸ்தி, ஸ்பேர் கிடைக்காது என்று எல்லாரும் ஒதுக்கினார்கள். இன்று அதே வண்டியைத் தேடி அலைகிறார்கள். பல வண்டிகள் அரிதாகிப்போவது அன்றைக்கு யாரும் அவற்றைச் சீந்தாததால்தான். ஆகவே, "ஏன் குறைவாகச் செய்தார்கள்" என்று முதலில் விசாரியுங்கள். "செய்தபடியே இருக்கிறதா" என்பது அடுத்தது.

பச்சை ஜீப்பின் சொந்தக்காரர் பெயர் சின்னசாமி. பாலக்கோட்டுக்கு மேற்கே தக்காளி போடுகிற விவசாயி. நான் போய் வண்டிக்கு அடியில் புகுந்தேன். சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், பொறித்த எண் எக்ஸ்போர்ட் வரிசையேதான். வெளியே வந்து தலையாட்டியதும் டாக்டர் முகம் மலர்ந்தது. அப்புறம் மற்றதைப் பார்த்தேன். கூரை படுதா. சீட்டு சாதாரண சீட்டு. பின் ஆக்ஸில் சாதாரணம். மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகடு. ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல, பல்லைப் பிடுங்கக் கொடுத்தவர் போல ஆகிவிட்டார் டாக்டர்.

"மிச்சமெல்லாம் எங்கங்க போச்சு?" என்று கேட்டேன்.

சின்னசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்கயும் போவலீங்க. கம்பைநல்லூர்ல ஓடிக்கிட்டிருக்குது. என் தங்கச்சி வூட்டுக்காரர் வண்டில."

"நீங்க குடுத்தீங்களா?"

"குடுக்கறதா? கழட்டிக்கிட்டாருங்க."

அவர் சொன்னதன் சுருக்கம் இது. அவருடைய அப்பா ஷோரூமில் கிடந்த எக்ஸ்போர்ட் ஜீப்பைப் பேரம் பேசித் தனக்கு வாங்கினார். மகள் சரசுவைக் கம்பைநல்லூரில் கட்டிக் கொடுத்தபோது, மருமகன் கோவிந்தனுக்கு ஒரு சாதாரண ஜீப் வாங்கிக் கொடுத்தார். சின்னசாமி அந்த வருஷங்களில் பெங்களூரில் கம்பெனி வேலையில் இருந்தார். அப்பா காலமான பிறகு நிலத்தைப் பார்க்க வந்தவர், வண்டியைத் திறந்து பார்த்தால் நல்ல சாமான் ஒன்றுமில்லை. எல்லாம் மச்சினன் வண்டியில் இருந்தது. பதினோராம் நாள் காரியப் பந்தியில், சொந்தக்காரர்கள் முன்னால், "வண்டியக் கழட்டித் தின்னுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டார். "மாமாதான் குடுத்தாரு" என்று கோவிந்தன் சொன்னதை அவர் நம்பவில்லை.

"எங்கப்பா பொழைக்கிற ஆளுங்க மேடம். ஒரு திருகாணியக்கூட யாருக்கும் சும்மா குடுக்க மாட்டாரு. அவரு ஆக்ஸிலக் கழட்டிக் குடுத்தாருன்னா ஊர்ல யாராச்சும் நம்புவாங்களா?"

சாப்பாட்டில் கை வைத்த கோவிந்தன் அப்படியே எழுந்து போனவர்தான். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை.

அந்தப் பாகங்களைத் தேடிக் கம்பைநல்லூர் போகிற வழியில் காரை ஓட்டிக்கொண்டே டாக்டர் யோசனை சொன்னார். "மேடம், கோவிந்தனுக்கு இதோட மதிப்பு தெரியாது. புது கூரை, புது சீட்டு, நல்ல ஆக்ஸில் எல்லாம் நானே போட்டுத் தர்றேன், பழசைக் குடுங்கன்னா சந்தோஷமாக் குடுத்துடுவாரு. நீங்க பொய் எதுவும் சொல்ல வேணாம். பேசாம இருந்தா போதும்."

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். டாக்டர் கெட்டவர் அல்ல. கெட்டவர் கேட்டால் மறுப்பது சுலபம். இவர் ஆசைக்காரர், சிரித்த முகம், வழியில் எனக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தவர். என்னை வேலைக்கு அமர்த்தியவரும் அவர்தான். அவருக்காக நான் கண்டுபிடித்ததை இன்னொருவரிடம் போய்ச் சொல்வது முறையாகாது. அதே சமயம் கோவிந்தனிடம் அவர் பழசு என்று வாங்கப்போவது, அந்த வண்டி மொத்தத்தின் மதிப்பில் பெரிய பங்கு. சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கோவிந்தன் நிலக்கடலையும் புளியும் வாங்கி விற்கிற வியாபாரி. அவர் ஜீப்பைப் பார்த்ததும் எனக்கே ஒரு துள்ளல். கூரை, சீட்டு, ஆக்ஸில் எல்லாம் அங்கே இருந்தன. மீட்டரின் முள்கூட வேலை செய்தது. டாக்டர் அதைக் குழந்தையின் கன்னத்தைத் தொடுவது போலத் தொட்டார். சரசு எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தார். டாக்டர் தன் யோசனையைச் சொல்லி முடித்தார். கோவிந்தன் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"மேடம், இந்தக் காலத்துல யாருங்க பழசை வாங்கிக்கிட்டு புதுசு தருவாங்க? நீங்க இந்த வேலைலயே இருக்கறவங்க. இது ஏதாச்சும் பெறுமானம் உள்ளதுங்களா?"

மோர் டம்ளர் என் கையில் இருந்தது. அதைக் குடித்து முடிக்கிற நேரம்தான் யோசிக்கக் கிடைத்தது. மெதுவாகவே குடித்தேன். "ஒண்ணுமில்லீங்க" என்றால் பொய். "ஆமாங்க" என்றால் டாக்டருக்குத் துரோகம்.

"இதுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர்தாங்க. அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வர்றேன்" என்று சொல்லி, அவரைக் கடலை மூட்டை அடுக்கியிருந்த பக்கம் அழைத்துப் போனேன்.

"டாக்டர், என் சர்ட்டிபிகேட்டுல எந்தப் பாகம் எங்கேருந்து வந்துச்சுன்னு எழுதுவேன். அது இல்லாம எழுதினா அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்ல. இவர்கிட்ட பழைய சாமான்னு சொல்லி வாங்கினா, அப்படியே எழுதணும். அதை உங்க கொட்டகையில மாட்டி வைப்பீங்களா?"

"அதை மட்டும் விட்டுடலாமே மேடம்."

"விட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கு உங்ககிட்ட இதை வாங்க வர்றவர் இங்க வந்து விசாரிப்பாரு. ஏமாத்திட்டாங்கன்னு இவர் சொன்னா, அப்புறம் அது வழக்கு வண்டி. உங்க சிநேகிதர்கள் ஒருத்தரும் தொட மாட்டாங்க."

டாக்டர் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு சிரித்தார். "பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி, வலிக்கும்னு நான் சொல்லிடுவேன் மேடம். சொல்லாம பிடுங்கினா அடுத்த தடவை வர மாட்டாங்க. சரி, வாங்க."

அவரே போய்க் கோவிந்தனிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னார். சேசிஸ் பாலக்கோட்டில் இருப்பதையும், இரண்டும் சேர்ந்தால்தான் பெரிய மதிப்பு என்பதையும் மறைக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. கோவிந்தன் முழுதும் கேட்டுவிட்டு எழுந்தார்.

"எவ்ளோ வேணாலும் பெறுமானம் ஆவட்டுங்க. கழட்டித் தின்னவன்னு பேரு வாங்குனவன் நான். அந்த வண்டிக்கு என் கையால ஒரு போல்ட்டு போவாது."

திரும்பி வரும்போது டாக்டர் ஒரு பாட்டுகூடப் போடவில்லை. தருமபுரி நெருங்கும்போது, "உண்மையைச் சொன்னா இப்படி ஆகும்னு நீங்க சொல்லவே இல்லையே மேடம்" என்றார். சரியானதைச் செய்த அன்றைக்கே வேலை கெட்டுப்போவதும் உண்டு. டாக்டர் கொடுத்த கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

சில நாள் கழித்து சரசு போன் செய்தார்.

"மேடம், ரெண்டு வண்டியையும் பக்கத்துல நிறுத்திப் பாத்தீங்கன்னா, எது எப்ப மாத்துனதுன்னு சொல்ல முடியுங்களா?"

"முழுசா முடியாதுங்க. ஓரளவுக்குச் சொல்லலாம்."

"அது போதுங்க. இவரை நான் கூட்டியாரேன். எங்கண்ணனை நீங்க கூட்டியாங்க."

டாக்டரிடம் கேட்டேன். அவர் நான் சொல்லி முடிப்பதற்குள் சம்மதித்தார். சின்னசாமியிடம், கோவிந்தனும் வருவார் என்பதை மறைக்காமல் சொன்னேன். "வரட்டுங்க. நான் வண்டியப் பாக்க வர்றேன், அவரப் பாக்க இல்ல" என்றார்.

அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டி எனக்குத் தெரிந்த ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. இரண்டு ஜீப்பும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சின்னசாமி ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். கோவிந்தன் காற்றுப் பிடிக்கிற மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவரு வண்டியக் கொஞ்சம் முன்னால எடுக்கச் சொல்லுங்க மேடம்." "அவருக்கு அவசரம்னா அவரு எடுக்கட்டுங்க மேடம்." எல்லாம் என் வழியாகத்தான் போய் வந்தது. டாக்டர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் சிரித்துப் பார்த்தார்.

நான் சின்னசாமியின் வண்டியில் மீட்டர் இருந்த இடத்தை விளக்குப் பிடித்துப் பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது இல்லை என்று மட்டும்தான் குறித்திருந்தேன். இல்லாத இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. அந்த ஓட்டைக்குச் சரியாக வெட்டி, விளிம்பை அரத்தால் ராவி, ரிவெட் அடித்து, பட்டி பூசி மூடியிருந்தது. பின்னால் ஆக்ஸிலைப் பார்த்தேன். மாற்றிப் போட்ட சாதாரண ஆக்ஸில் சரியாக உட்கார அளவெடுத்துத் தகடு கொடுத்திருந்தது. முன் சீட்டுக்கும் அப்படியே.

"இதைக் கழட்டினவர் அவசரப்படலீங்க" என்று பொதுவாகச் சொன்னேன். "களவாடிட்டுப் போறவர் ஓட்டையை அடைச்சு, ராவி, பட்டி பூசிட்டுப் போக மாட்டார். இந்த வண்டியும் நல்லா ஓடணும்னு நெனச்சவர் செஞ்ச வேலை இது. அப்புறம் இந்தப் பச்சை பெயிண்ட்டு. தகடு மேலயும் டேஷ்போர்டு மேலயும் ஒரே பூச்சு, நடுவுல கோடே இல்ல. மீட்டரைக் கழட்டினதுக்கு அப்புறம்தான் வண்டிக்குப் பச்சை அடிச்சிருக்காங்க. எப்ப அடிச்சதுங்க?"

சின்னசாமி லாரிகளை விட்டுவிட்டுத் திரும்பினார்.

"என் கல்யாணத்துக்கு அடிச்சதுங்க."

"அப்ப உங்கப்பா?"

"நல்லா இருந்தாருங்க. அவருதான் பக்கத்துல நின்னு அடிக்கச் சொன்னாரு. இந்த வண்டிலதான் நான் ஊர்வலம் போனேன்."

"கூரை இல்லன்னு அன்னைக்குப் பாக்கலீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஊர்வலத்துக்காகக் கழட்டி வெச்சிருக்காங்கன்னு நெனச்சேங்க."

யாரும் சிரிக்கக்கூடாத நேரம் அது. ஆனாலும் டாக்டர் இருமுவது போல் திரும்பிக்கொண்டார்.

சரசு அண்ணன் பக்கத்தில் போய் நின்றார். "அந்த மீட்டரு எப்படி வந்துச்சு தெரியுமா ணா? எம் பையன் அப்பச் சின்னவன். ஊருக்கு வந்தா, அப்பா வண்டில ஏறி அந்த ஆடுற முள்ளையே பாத்துக்கிட்டிருப்பான். கெளம்பும்போது ஒரே அழுகை. 'இருடா, வண்டியக் கழுவிட்டு வர்றேன்'னு அப்பா போனாரு. திரும்பி வந்து பாத்தா முள்ளு எங்க வண்டில ஆடுது."

"அப்ப சீட்டு?"

"அவன் வயித்துல இருந்தப்ப. முதுகு வலிக்குதுன்னு ஆத்தாகிட்டச் சொன்னேன், அப்பா கேட்டிருக்காரு. அன்னைக்கும் வண்டியக் கழுவத்தான் எடுத்துக்கிட்டுப் போனாரு. கூரை, அவனுக்குக் காய்ச்சல் வந்து நாங்க மழைல நனைஞ்சு வந்த வருஷம். இவரு தென்பெண்ணை மணல்ல கடலை லோடோட மாட்டிக்கிட்டு ராவெல்லாம் கெடந்தாரே, அந்தப் பொங்கலுக்கு ஆக்ஸிலு. ஊர்ல ஒருத்தருக்கும் திருகாணி குடுக்காதவருதான். எனக்குக் குடுத்தாரு. உன்கிட்டச் சொல்லுப்பான்னேன். 'அவன் கேட்டா சொல்றேன்'னாரு. நீ ஊருக்கு வந்தா தூங்கி எழுந்து போயிடுவ. எங்க கேட்ட?"

"நீயாச்சும் சொல்லியிருக்கலாமே புள்ள."

"பந்தில அத்தனை பேரு முன்னாடி நீ கேட்ட கேள்விக்கு, எங்க ணா என் வாய் தெறந்துச்சு?"

சின்னசாமி அந்தத் தகட்டின் மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்துக்கொண்டே நின்றார். அப்பா ராவிய விளிம்பு விரலில் தட்டியிருக்கும். நான் விளக்கை அணைத்தேன். மதிப்பீட்டாளருக்கு அங்கே இனிமேல் வேலை இல்லை.

கடைசியில் அவர் கோவிந்தன் நின்ற பக்கம் பார்த்தார்.

"மாப்ள, சாப்டீங்களா?"

கோவிந்தன் காற்று மெஷினிலிருந்து கண்ணை எடுத்தார்.

"இல்ல மச்சான்."

"வாங்க, சாப்டலாம்."

நெடுஞ்சாலை ஓட்டலில் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். இலையில் கோவிந்தனுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டது சின்னசாமி. மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. "கறி இன்னும் கொஞ்சம் வைங்க இவருக்கு" என்று சின்னசாமி சர்வரிடம் மூன்று தடவை சொன்னார். அதையே மன்னிப்பாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

வண்டியை ஒன்று சேர்த்து டாக்டருக்கே விற்பது, வருவதைச் சரிபாதியாகப் பிரிப்பது என்று சாப்பிட்டு எழுவதற்குள் முடிவானது. மீட்டருக்கு மட்டும் சரசு தயங்கினார். சேலத்தில் காலேஜ் படிக்கிற மகனுக்கு அங்கிருந்தே போன் போட்டார். "அது இன்னும் ஆடுதாம்மா? ஒரு வீடியோ எடுத்து அனுப்பிட்டுக் குடுத்துடு" என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். டாக்டர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்.

அந்தச் சர்ட்டிபிகேட்டில் எந்தப் பாகம் எந்த வண்டியில், எதற்காக ஓடியது என்பதையெல்லாம் எழுதினேன். எங்கள் தொழிலில் அப்படி எழுதும் வழக்கம் இல்லை. டாக்டர் அதைச் சட்டம் போட்டு ஜீப்புக்கு மேலே மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் அதைத்தான் படிக்கச் சொல்கிறாராம். பாகம் மாறிய வண்டி என்று கண்டதும் மதிப்பைக் கழிக்கப் பேனாவை எடுக்காதீர்கள். யார் மாற்றினார்கள், எதற்கு என்று கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டும் கழிக்க வேண்டியிருக்கலாம். ஆனால் கேட்காமல் கழித்தால் நீங்களும் அந்தப் பதினோராம் நாள் பந்தியில் சின்னசாமி செய்ததைத்தான் செய்கிறீர்கள்.

வண்டி தயாராகி ஓசூருக்குக் கிளம்பிய நாளில் நானும் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருந்தேன். மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. யார் ஓட்டிக்கொண்டு போவது என்பதில் ஆரம்பித்தது.

"சேசிஸ் எங்களுது மாப்ள, நான்தான் ஓட்டணும்."

"ஆக்ஸிலு எங்க வூட்டுது மச்சான். அது இல்லாம உங்க சேசிஸ் எப்படிப் போவும்?"

"பெங்களூர் ரோட்டுல ஓட்டி எனக்குத்தான் பழக்கம்."

"ஊர்வலத்துல கூரை இல்லாததுகூடத் தெரியாதவருக்கு ரோட்டுல லாரி தெரியுமா?"

சத்தம் ரோடு வரை கேட்டது. டாக்டர் கலங்கிப்போய் என் காதருகில் வந்தார். "மேடம், மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்களே."

"விடுங்க டாக்டர். நல்லா சத்தமாவே பேசட்டும்."

அதற்குள் சரசு சாவியை எடுத்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, டிரைவர் சீட்டில் ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

"வர்றவங்க ஏறுங்க" என்றார். "இல்லாட்டி ரெண்டு பேரும் ஒண்ணா பஸ்ல வாங்க."

இருவரும் பின் கதவுக்கு ஓடினார்கள். யார் முதலில் ஏறுவது என்று அங்கேயும் ஒரு தள்ளுமுள்ளு.